பிள்ளை பெற்ற வீட்டுக்குத் தெரு துணை நிற்பது எப்படி

தமிழ்நாட்டில் இன்று பிள்ளைப்பேறு ஏறத்தாழ முழுவதும் மருத்துவமனைக்குள் நடக்கிற காரியமாகிவிட்டது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நூற்றுக்கு 99.6 பேறுகள் மருத்துவமனையில் நடந்தவை, நூற்றுக்கு 44.9 பேறுகள் அறுவைச் சிகிச்சை வழியே நடந்தவை. ஆனால் பால் கொடுப்பதில் வரும் சிக்கல்கள் மருத்துவமனையில் இருக்கும் நாட்களிலேயே வந்து தீர்ந்துவிடுவதில்லை. சுகப்பேறு ஆனவர் பெரும்பாலும் மூன்றாம் நாள் வீடு திரும்புகிறார். அதே மூன்றாம் நான்காம் நாளில்தான் சீம்பால் மாறிப் பால் பெருகி மார்பு கல்போலக் கட்டிக்கொள்கிறது, காம்பு புண்ணாகிறது, குழந்தை இரவெல்லாம் அழுகிறது. அழைத்தால் ஓடிவந்த செவிலியர் இப்போது பக்கத்தில் இல்லை. பார்க்க வருகிற ஒவ்வொருவரும் "பால் போதுதா?" என்று கேட்கிறார்கள். பத்தாவது முறையாக அக்கேள்வியைக் கேட்கும் தாய், போதவில்லை என்றே நம்பத் தொடங்கிவிடுகிறாள்.

அந்தப் பத்துப் பதினைந்து நாட்களில் ஒரு தெருவோ சிற்றூரோ அடுக்ககமோ என்ன செய்யலாம், எப்படித் தொடங்கலாம் என்பதே இக்கட்டுரை. பணம் அதிகம் தேவைப்படாத வேலை இது. பொறுமையும், வாயைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ளும் பழக்கமும்தான் நிறையத் தேவை.

யாரைச் சேர்ப்பது

ஐந்தாறு பேர் போதும். கடந்த மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் பிள்ளைக்குப் பால் கொடுத்த பெண்கள் மூவராவது இருக்க வேண்டும். அவர்களுக்கு அந்த நாட்களின் வலியும் குழப்பமும் இன்னும் மறந்திருக்காது. எளிதாகக் கொடுத்தவரைவிடத் தடுமாறிக் கற்றுக்கொண்டவர் நல்ல துணை என்பது என் எண்ணம். அவர்களுடன் ஊரில் சொல் எடுபடுகிற ஒரு மூத்த அம்மாவும் இருக்கட்டும். மாமியாரிடம் பேச வேண்டிய இடத்தில் இளம்பெண்கள் பத்துப் பேர் போனாலும் அவர் ஒருவருக்கு ஈடாகாது. அங்கன்வாடிப் பணியாளரும் கிராம சுகாதார செவிலியரும் குழுவில் உறுப்பினராக இல்லாவிட்டாலும் குழுவை அறிந்திருக்க வேண்டும். நகரமென்றால் நகர்ப்புற சுகாதார செவிலியர். எந்த வீட்டில் எப்போது பேறு என்பது அவர்கள் பதிவேட்டில் இருக்கிறது. நீங்கள் கண்டதில் கவலைக்குரியது ஏதேனும் இருந்தால் அவர்களிடம்தான் முதலில் சொல்லப் போகிறீர்கள்.

பெற்ற பெண்களே பெற்ற பெண்களுக்குத் துணையிருப்பது உலகுக்குப் புதிதல்ல. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் ஏழு தாய்மார் சேர்ந்து 1956இல் தொடங்கிய லா லெச்சே லீக் இன்று பல நாடுகளில் இயங்குகிறது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1991இல் தொடங்கிய குழந்தை நேய மருத்துவமனைத் திட்டம் மருத்துவமனைகளுக்குப் பத்துப் படிகளை வகுத்தது. அவற்றின் பத்தாம் படி, வீடு திரும்பும் தாய்க்குத் தொடர்ந்து ஆதரவு கிடைக்க வழி செய்வதுதான். மருத்துவமனையால் தனியே செய்து முடிக்க முடியாத படி அது ஒன்றே என்று சொல்லலாம்.

இரண்டு பேரைச் சேர்க்க வேண்டாம். ஒரு வீட்டில் கண்டதை அடுத்த வீட்டில் சொல்லுகிறவர் ஒருவர். பால்மாவோ பால்புட்டியோ சத்து மாவோ விற்பவர், அல்லது விற்பவரிடம் எதையேனும் பெறுபவர் மற்றவர். 1992ஆம் ஆண்டின் குழந்தைப் பால்மாற்று, பால்புட்டி, குழந்தை உணவுச் சட்டமும் அதன் 2003 திருத்தமும் இரண்டு வயதுவரையிலான குழந்தைகளுக்கான இப்பொருட்களின் விளம்பரத்தையும் இலவச மாதிரிகளையும் தாய்மாருக்குப் பரிசளிப்பதையும் தடை செய்கின்றன. உங்கள் கூட்டத்துக்குத் தேநீர்ச் செலவை ஏற்பதாகக் கூட எந்த நிறுவனமாவது வந்தால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

ஏழாம் மாதத்திலேயே தொடங்குவது

பிறந்த பிறகு போய்ப் பேசத் தொடங்குவது தாமதம். வலியிலும் தூக்கமின்மையிலும் இருப்பவருக்குப் புதிய செய்தி எதுவும் ஏறாது. அங்கன்வாடி வழியே அரசு நடத்தும் சமுதாய வளைகாப்பு ஒரு நல்ல வாய்ப்பு. வளையல் அடுக்கி ஐந்து வகைச் சோறு பரிமாறி முடிந்ததும் கூட்டம் கலைவதற்குள் கர்ப்பிணியிடமும் அவருடன் வந்திருக்கும் தாய் அல்லது மாமியாரிடமும் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசலாம். கணவரைத் தனியே ஒருமுறை சந்திப்பது இன்னும் நல்லது. இரவு இரண்டு மணிக்குக் குழந்தை அழும்போது பால்மாவு டப்பா வாங்க யாரை அனுப்புவார்கள் என்று யோசித்துப் பார்த்தால் அதன் காரணம் விளங்கும்.

அப்போது சொல்ல வேண்டியவை சிலவே. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையைத் தாயின் வெறும் மார்பின்மேல் கிடத்திப் பால் குடிக்க விட வேண்டும். அறுவைச் சிகிச்சை என்றாலும் தாய் நினைவோடு இருந்தால் இது முடியும், கேட்டுப் பெற வேண்டும். முதலில் ஊறுவது மஞ்சள் நிறத்தில், கெட்டியாக, சில தேக்கரண்டி அளவே இருக்கும் சீம்பால். முதல் நாள் குழந்தையின் வயிற்றுக்கு அது போதுமானது, அதைப் பீய்ச்சிக் கொட்டிவிடக் கூடாது. ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பாலன்றி வேறெதுவும், தண்ணீரும்கூட, வேண்டாம். தாய்ப்பாலில் ஏறத்தாழ நூற்றுக்கு 87 பங்கு நீர்தான் என்பதால் கத்திரி வெயிலிலும் குழந்தைக்குத் தனியே தண்ணீர் தேவையில்லை. மருத்துவர் எழுதிக்கொடுத்த வைட்டமின் டி சொட்டும் பிற மருந்துகளும் இந்த விலக்கில் சேரா.

பலரும் கேட்க மறக்கிற இன்னொன்று: பேறுகாலத்தில் அந்தப் பெண் எந்த ஊரில் இருப்பார்? நம்மிடையே தலைச்சன் பேறு தாய்வீட்டில் என்பது வழக்கம். வளைகாப்பு முடிந்து அழைத்துச் சென்றால், குழந்தையோடு புகுந்த வீடு திரும்ப மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ ஆகும். ஆகவே கர்ப்ப காலத்தில் அவரை அறிந்த குழு ஓரூரிலும், பால் கொடுக்கத் தொடங்கும் நாட்கள் வேறூரிலுமாக அமைந்துவிடுகின்றன. போகும் ஊரின் செவிலியரையோ அங்கன்வாடிப் பணியாளரையோ முன்கூட்டியே தொடர்புகொண்டு பெயரையும் எதிர்பார்க்கும் தேதியையும், அந்தப் பெண்ணின் சம்மதத்தோடு, சொல்லிவையுங்கள். அவர் திரும்பி வரும் வாரத்தையும் குறித்து வையுங்கள். பயணம், புதிய சமையலறை, வேலைச்சுமை, மாமியார் வீட்டுக் கூட்டத்தில் சேலையை விலக்கிப் பால் கொடுக்கக் கூச்சம் ஆகியவை எல்லாம் சேர்ந்து, நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தைக்குப் புட்டி வந்து சேருவது பெரும்பாலும் அந்த வாரத்தில்தான்.

முதல் முறை வீட்டுக்குப் போகும்போது

மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளுக்கு 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் வீட்டுக்குச் சென்று பார்க்க வேண்டும் என்று நடுவண் அரசின் பச்சிளங்குழந்தை வீட்டுப் பராமரிப்புத் திட்டம் வகுத்திருக்கிறது. உங்கள் குழுவும் அந்த நாட்களையே கணக்காக வைத்துக்கொள்ளலாம். முதல் இரண்டும் தவறக் கூடாதவை. ஒருவர், மிஞ்சினால் இருவர் போனால் போதும். சளி, காய்ச்சல் இருப்பவர் போக வேண்டாம். குழந்தையைத் தூக்க வேண்டியதில்லை. தூக்கச் சொன்னால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தூக்குங்கள்.

பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிச் செல்வதைவிட அன்றைய குழம்பைச் செய்து தூக்குவாளியில் எடுத்துச் செல்வது பயனுள்ளது. போனவுடன் பாலைப் பற்றிக் கேட்காதீர்கள். "சாப்பிட்டியா, கொஞ்ச நேரமாவது கண் அசந்தியா?" என்று தாயைப் பற்றிக் கேளுங்கள். வீட்டில் எல்லாரும் குழந்தையைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது தன்னைக் கேட்க ஒருவர் வந்தது அந்தப் பெண்ணுக்குப் பெரிதாக இருக்கும். என் தலைச்சன் பிள்ளை பிறந்த எட்டாம் நாள் ஓர் அக்கா வந்து, ஒன்றும் சொல்லாமல் வாளியிலிருந்த துணிகளை அலசிக் கொடியில் போட்டுவிட்டுப் போனார். அன்று வந்தவர்கள் சொன்ன அறிவுரைகளில் ஒன்றுகூட இப்போது நினைவில் இல்லை.

பிறகு ஒரு முறை பால் குடிப்பதைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை உடனிருந்து பார்க்க அனுமதி கேளுங்கள். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் கடைப்பிடிப்பதென்றால் இதைத்தான் சொல்வேன், ஏனெனில் காம்புப் புண், பால் கட்டுதல், எடை ஏறாமை, ஓயாத அழுகை ஆகியவற்றில் பெரும்பகுதிக்கு மூலம் குழந்தை மார்பைப் பற்றும் விதத்தில் இருக்கிறது. அதைக் கேட்டறிய முடியாது, பார்த்துத்தான் அறிய முடியும். குழந்தையின் தலையும் முதுகும் இடுப்பும் ஒரே கோட்டில், உடம்பு முழுதும் தாயின் பக்கம் திரும்பி, அவர் வயிற்றோடு ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள். உடம்பு மேலே பார்த்திருக்க முகம் மட்டும் பக்கவாட்டில் திரும்பியிருந்தால் அதனால் நன்றாக விழுங்க முடியாது. நாமும் தோளைத் திருப்பிக்கொண்டு தண்ணீர் குடித்துப் பார்த்தால் தெரியும். வாய் கொட்டாவி விடுவதுபோல் அகலத் திறந்திருக்க வேண்டும், கீழுதடு வெளியே மடிந்திருக்க வேண்டும், முகவாய் மார்பில் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், காம்பைச் சுற்றிய கருவட்டம் மேலுதட்டுக்கு மேலே கூடுதலாகவும் கீழே குறைவாகவும் தெரிய வேண்டும். காம்பை மட்டும் பற்றிச் சப்பினால் தாய்க்கு வலிக்கும், குழந்தைக்குப் பாலும் வராது. முதலில் வேகமாகச் சப்பி, பால் இறங்கியதும் மெதுவாக, ஆழமாக, இடையிடையே நிறுத்தி விழுங்குவது நன்றாகக் குடிப்பதன் அடையாளம்.

தவறு கண்டால் குழந்தையின் தலையைப் பிடித்து மார்பில் அழுத்தாதீர்கள். அது தலையைப் பின்னுக்கு வெட்டி இழுக்கும். தாயைச் சாய்ந்து வசதியாக உட்காரச் சொல்லி, முதுகுக்கும் மடிக்கும் தலையணை கொடுத்து, குழந்தையின் மேலுதட்டைக் காம்பால் மெல்லத் தொட்டு வாய் பெரிதாகத் திறக்கும்வரை காத்திருந்து, திறந்தவுடன் குழந்தையை மார்புக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். மார்பைக் குழந்தையிடம் கொண்டுபோகக் கூடாது. சரியாகப் பற்றவில்லை என்றால் சுண்டுவிரலை வாயின் ஓரத்தில் நுழைத்து விடுவித்து மீண்டும் தொடங்கலாம். அறுவைச் சிகிச்சை ஆனவர் தையல் மேல் பாரம் விழாமல் ஒருக்களித்துப் படுத்துக் கொடுக்கலாம், அல்லது குழந்தையின் கால்கள் தம் அக்குள் வழியே பின்னால் போகும்படி கைக்கடியில் இடுக்கிக்கொண்டு கொடுக்கலாம். இவ்வளவையும் ஒரே நாளில் சொல்லிவிட வேண்டாம். நன்றாக நடப்பது ஒன்றை முதலில் சொல்லி, மாற்ற வேண்டியது ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.

பால் கட்டிக்கொண்டால் கொடுக்கும் முன் வெந்நீரில் நனைத்த துணியால் ஒத்தி, கையால் சிறிது பீய்ச்சிக் கருவட்டத்தை இளக்கினால் குழந்தை பற்ற முடியும். கொடுத்த பிறகு குளிர்ந்த துணி வலியைக் குறைக்கும். மார்பில் ஓரிடம் சிவந்து, வலித்து, காய்ச்சலும் குளிரும் வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும், ஆனால் பால் கொடுப்பதை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் தேங்கிய பால் நிலைமையை மோசமாக்கும்.

"பால் போதவில்லை" என்ற சொல் வரும்போது

இது நிச்சயம் வரும். "அப்படியெல்லாம் இல்லை" என்று சொல்லி மறுத்துவிடுவது பயனற்றது. தாயோடு சேர்ந்து எண்ணிப் பார்ப்பதே வழி. முதல் நாள் ஒரு முறை, இரண்டாம் நாள் இரண்டு முறை, மூன்றாம் நாள் மூன்று முறை என்று கூடிக்கொண்டே வந்து ஐந்தாறாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு முறைக்குக் குறையாமல் குழந்தை சிறுநீர் கழித்தால், அது வெளிர் நிறமாகவும் இருந்தால், பால் உள்ளே போகிறது. கறுத்த மலம் நான்கைந்து நாளில் பச்சையாகி மஞ்சளாக மாறினால் அதுவும் சான்று. துணிக் கோவணம் கட்டிய வீட்டில் இந்தக் கணக்கு எளிது. டயப்பர் போட்ட வீட்டில் ஓரிரு நாளாவது துணி கட்டச் சொன்னால்தான் தெரியும். எடை முதல் சில நாட்களில் பத்தில் ஒரு பங்குவரை குறைந்து, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பி, பிறகு மாதம் அரைக் கிலோவுக்குக் குறையாமல் ஏறும். அங்கன்வாடியின் எடைக்கருவி இதற்கு உதவும்.

இந்தக் கணக்கு சரியாக இருக்கும்போதே தாய்க்குச் சந்தேகம் எழுப்புகிற காட்சிகள் சில உண்டு. மாலை மங்கியதிலிருந்து நள்ளிரவுவரை குழந்தை அரை மணிக்கு ஒரு முறை பாலுக்கு அழும். பல பச்சிளங்குழந்தைகள் அப்படித்தான். மூன்று நான்கு வாரம் ஆனதும் மார்பின் கனம் குறைந்து தொய்ந்தது போலிருக்கும். சுரப்பு தேவைக்கு ஏற்ப ஒழுங்குபட்டதன் அடையாளம் அது, வற்றிவிட்டதன் அடையாளமல்ல. பீய்ச்சிப் பார்த்தால் கால் தம்ளர்தான் வரும். குழந்தையின் வாய் இறக்கும் அளவைக் கையோ பம்போ இறக்காது.

கணக்கைப் பார்க்காமல் புட்டி கொடுக்கத் தொடங்கிவிட்டால் என்ன நடக்கும் என்பதைக் கணவருக்கும் பெரியவர்களுக்கும் விளக்கிச் சொல்ல வேண்டும். மார்பு காலியாகக் காலியாகத்தான் பால் ஊறுகிறது. ஒரு வேளை பால்மாவு குடித்து வயிறு நிறைந்து உறங்கும் குழந்தை ஒரு வேளை மார்பைச் சப்பாது; அந்த அளவுக்குச் சுரப்பு குறையும்; அடுத்த நாள் உண்மையிலேயே கொஞ்சம் போதாமல் போகும்; இன்னொரு வேளை புட்டி கூடும். இரண்டு வாரத்தில் "எனக்குப் பாலே இல்லை" என்பது மெய்யாகிவிடும். இதே விதி திரும்பி வரவும் உதவும். குழந்தையை அடிக்கடி, ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை, இரவிலும் சேர்த்து, வெறும் மார்போடு அணைத்துச் சப்பவிட்டு, மேல்பாலின் அளவைச் செவிலியர் அல்லது மருத்துவர் கண்காணிப்பில் சிறிது சிறிதாகக் குறைத்தால் சுரப்பு மீளும். அதற்குத் தாய்க்கு நேரம் வேண்டும், அந்த நேரத்தை அடுப்படியிலிருந்து பிடுங்கித் தருவது குழுவின் வேலை. எடை உண்மையிலேயே ஏறவில்லை என்றால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

குழந்தை பேசுவதைக் கேட்பது

அழுகை பசியின் கடைசி மொழி. அதற்கு முன்பே குழந்தை உதட்டைச் சப்புக்கொட்டும், நாக்கை நீட்டும், கையை வாய்க்குக் கொண்டுபோகும், தலையை இருபுறமும் திருப்பித் தேடும். அந்த நேரத்தில் எடுத்தால் அமைதியாகப் பற்றும். வீறிட்டு அழத் தொடங்கிய பிறகு பற்ற வைப்பது கடினம். எனவே கடிகாரம் பார்த்து இரண்டு மணிக்கு ஒரு முறை என்று வைக்காமல் குழந்தையைப் பார்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். எடை குறைவாகவோ மாதம் நிறையாமலோ பிறந்து, எந்நேரமும் உறங்கிக்கொண்டிருக்கும் குழந்தை மட்டும் விலக்கு. அதை எழுப்பிக் கொடுக்க வேண்டும். போதும் என்பதையும் குழந்தையே சொல்லும்: தானே விட்டுவிடும், இறுக்கிய கை விரியும்.

எல்லா அழுகையும் பசியும் அல்ல. ஈரத்துணி, புழுக்கம், ஏப்பம் வராமை, அதிகக் கைமாற்றம், அல்லது வெறுமனே உடற்சூடு வேண்டியிருப்பது காரணமாக இருக்கலாம். "தூக்கித் தூக்கிப் பழக்காதே, கை பழகிவிடும்" என்பது நம் வீடுகளில் அன்றாடம் கேட்கும் எச்சரிக்கை. ஒன்பது மாதம் வயிற்றுக்குள் ஓயாமல் ஆடிக்கொண்டும் இதயத்துடிப்பைக் கேட்டுக்கொண்டும் இருந்த பிள்ளைக்குக் கை ஏற்கெனவே பழகியதுதான். முதல் மாதங்களில் அழுதவுடன் எடுப்பதால் குழந்தை கெட்டுப்போவதில்லை. அழைத்தால் ஆள் வரும் என்று அது தெரிந்துகொள்கிறது. இங்கே தந்தைக்கும் தாத்தாவுக்கும் இடமுண்டு. சட்டையைக் கழற்றிவிட்டு நெஞ்சோடு அணைத்துப் படுக்க வைப்பது, தோளில் சாய்த்து ஏப்பம் விடச் செய்வது, துணி மாற்றுவது, ஆராரோ பாடி நடப்பது எல்லாம் பால் சுரக்காதவரும் செய்யக்கூடியவை. எடை குறைந்த பிள்ளைகளுக்கு இந்த நெஞ்சணைப்பு மருத்துவமே ஆகும். கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978இல் இன்குபேட்டர் போதாத நிலையில் தொடங்கிய கங்காரு முறையை இன்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.

உறங்க வைக்கும்போது மல்லாக்க, சமமான கெட்டிப் படுக்கையில், முகத்தருகே தலையணையோ போர்வைக் குவியலோ இல்லாமல் கிடத்த வேண்டும். சேலைத்தூளி நம் மரபு. வேண்டாம் என்று சொன்னால் எடுபடாது என்பதோடு சொல்லுவதற்கு எனக்கே மனமில்லை. ஆனால் தலை நிற்காத சின்னக் குழந்தையின் முகவாய் நெஞ்சில் மடிந்து மூச்சு அடைபடக் கூடும், துணி மூடிய குழந்தை வாய் சப்புவதும் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே ஆள் கண்பார்வையில், பகலில், சிறிது நேரம் மட்டும் என்று சொல்லிவையுங்கள். அழுகையை அடக்கக் குழந்தையை ஒருபோதும் உலுக்கக் கூடாது. "உரம் விழுந்துவிட்டது" என்று துணியில் போட்டு உருட்டுவதும் இதில் சேரும்.

பெரியவர்களிடம் மறுத்துச் சொல்லுவது

பிறந்தவுடன் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ நாவில் தொட்டு வைக்கும் சேனை, தெருவில் கழுதையோடு வருபவரிடம் வாங்கும் சங்கு அளவுக் கழுதைப்பால், வசம்பு, உரை மருந்து, கிரைப் வாட்டர், மூக்கிலும் காதிலும் எண்ணெய் ஊற்றுவது, குழந்தையின் மார்பைப் பிதுக்கிப் பால் எடுப்பது ஆகியவை விட வேண்டியவை. தேன் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நரம்பைச் செயலிழக்கச் செய்யும் நச்சுநோயைத் தரக்கூடும். பிதுக்கிய மார்பு சீழ்பிடிக்கும். தாய்க்குத் தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கும் பத்தியமும் கூடாது, தாகத்துக்குக் குடிக்கட்டும். மாறாக, பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, முருங்கைக்கீரை, பேறுகால எண்ணெய்க் குளியல், நாற்பது நாள் ஓய்வு என்ற வழக்கங்கள் இருக்கட்டும். சுறாவால் பால் கூடுகிறதா என்ற வாதம் தேவையில்லை. சத்தான சோறும் "உனக்காகச் சமைத்தேன்" என்ற சொல்லும் கூடவே வருகின்றன. தீட்டு என்று தனியறையில் ஒதுக்கி வைப்பதில் ஓய்வும் இருக்கலாம், தனிமையும் இருக்கலாம். எது என்று அந்தப் பெண்ணிடம் கேளுங்கள்.

"அது மூடநம்பிக்கை" என்று பாட்டியிடம் சொன்னால் கதவு அன்றோடு மூடிவிடும். சேனை தொடுவதில் அவருக்கு வேண்டியிருப்பது சர்க்கரையல்ல, தன் குணம் பேரனுக்கு வர வேண்டும் என்ற உரிமை. முதல் குளியலை, முதல் சட்டையை, பெயர் சூட்டும்போது காதில் மூன்று முறை சொல்லும் உரிமையை அவரிடம் கொடுத்துவிட்டால் தேன்குப்பி தானே அலமாரிக்குத் திரும்பும். எப்போதும் அல்ல, ஆனால் பலமுறை.

வேலைக்குத் திரும்பும் தாய்

2017இல் செய்யப்பட்ட சட்டத்திருத்தம் முதலிரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்துடன் கூடிய மகப்பேறு விடுப்பை 26 வாரமாக உயர்த்தி, ஐம்பது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடங்களில் குழந்தைக் காப்பகம் வைக்கவும் வழி செய்தது. தமிழக அரசு ஊழியருக்கு 2021 ஜூலையிலிருந்து ஓராண்டு விடுப்பு. வயலுக்கும் செங்கல் சூளைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறவருக்கு இவை எட்டுவதில்லை. அவர்களிடம் குழுவே சட்டமாக நிற்க வேண்டும். பீய்ச்சிய பாலை, கொதிநீரில் போட்டு எடுத்த, மூடியுள்ள எவர்சில்வர்க் கிண்ணத்தில் வைத்தால் அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் தாங்கும். நம் கோடையில் அதற்கும் குறைவாகவே வைத்துக்கொள்வது நல்லது. குளிர்பெட்டி இருந்தால், மின்வெட்டைக் கருதி, ஒரு நாளுக்குள் கொடுத்துவிடலாம். அடுப்பில் நேரே சுடவைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து இளஞ்சூடாக்கி, புட்டியால் அல்லாமல் பாலாடை என்னும் சிறு சங்காலோ சிறு கிண்ணத்தாலோ புகட்ட வேண்டும். பாலாடை கழுவ எளிது, மார்பைப் பற்றும் பழக்கத்தையும் கெடுக்காது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்குப் பாலாடை பிடிக்கத் தெரிந்திருப்பது இங்கே பெரிய வரம். அவர் அதை இளம்பெண்களுக்குக் கற்றுத்தரும் ஒரு மாலையை ஏற்பாடு செய்யுங்கள்.

உங்கள் கை எட்டாத இடம்

குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, வலிப்பு வந்தாலோ, நிமிடத்துக்கு அறுபது முறையோ அதற்கு மேலோ மூச்சுவிட்டாலோ, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, உடம்பு சுட்டாலோ சில்லிட்டாலோ, தொட்டால்தான் அசைகிறது என்றாலோ, பிறந்த முதல் நாளிலேயே மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் பரவினாலோ, 108ஐ அழைத்து மருத்துவமனைக்கு அனுப்புங்கள். காமாலைக்கு வெயிலில் காட்டிக்கொண்டிருப்பது சிகிச்சையாகாது. தாய்க்கு உதிரப்போக்கு கூடினாலோ காய்ச்சல் வந்தாலோ அதுவும் அப்படியே.

பேறுக்குப் பின் சில நாள் காரணமின்றி அழுவது பல பெண்களுக்கு நேர்வது. இரண்டு வாரத்தைத் தாண்டியும் சோகம் விலகாமல், உறக்கம் வராமல், குழந்தையைப் பார்க்கப் பிடிக்காமல், வாழ்ந்து என்ன என்ற பேச்சு வந்தால் அதைப் பேய், காற்று என்று விடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416இல் தமிழிலும் பேசலாம். தன்னையோ குழந்தையையோ ஏதும் செய்துவிடுவேன் என்றால் ஒரு நொடியும் தனியே விடாதீர்கள்.

எவ்வளவு முயன்றும், அல்லது மருத்துவக் காரணத்தால், பால் கொடுக்க முடியாத தாய்மாரும் உண்டு. உங்கள் குழு அவர்களுக்கும் உரியது. பால்மாவைக் கொதித்து ஆறிய நீரில், டப்பாவில் சொன்ன அளவிலேயே, நீர்க்காமல் கரைத்து, சுத்தமான கிண்ணத்தில் புகட்ட உதவுங்கள். குழந்தையைப் பார்த்து ஊட்டுவதும், அணைப்பதும், அழுதால் எடுப்பதும் அவர் வீட்டிலும் அப்படியே பொருந்தும். ஏன் கொடுக்கவில்லை என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும் பதிவுக்கு: பிறந்த நாள், போன நாள், கண்டது ஒரு வரி, அடுத்து போக வேண்டிய நாள். வாட்ஸ்அப் குழு வைத்துக்கொண்டால் அதில் எவருடைய மார்பின் படமும் குழந்தையின் படமும் வரக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஆறு மாதம் முடிந்து குழந்தைக்கு மசித்த சோறும் பருப்பும் தொடங்கிய பிறகு, பால் இரண்டு வயதும் அதற்கு மேலும் தொடரலாம் என்று சொல்லி, அந்தத் தாயின் பக்கத்தை மூடலாம். அவருக்கு விருப்பமிருந்தால் அடுத்த வீட்டுக்குப் போகும்போது உடன் அழைத்துச் செல்லுங்கள். முதல் முறை பேசாமல் உட்கார்ந்து பார்க்கட்டும், இரண்டாம் முறை அவர் பேச நீங்கள் குழம்பு வாளியோடு அடுப்படிப் பக்கம் போய்விடுங்கள்.